வாசலில் கவிழ்த்த குடம்

என் பற்களைக் கண்ணாடியில் பார்க்கவே இப்போதெல்லாம் கூசுகிறது. வயது அறுபத்திரண்டு. ஒரு பல் விழவில்லை, ஒரு பல்லில் கறையில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்லீங்களா? பல்லு இத்தனை வெள்ளையா இருக்குது" என்று ஒருமுறை கேட்டாள். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் பழுப்பேறியிருக்கும். வயதாக ஆக அதே தண்ணீர் முட்டியையும் முதுகையும் மடக்கிவிடும். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். கம்பைநல்லூர் போகிற வழியில் ஓர் ஊரில் பிறந்து, இந்த மாவட்டத்துக்குள்ளேயே டீச்சராகக் காலம் தள்ளி, தருமபுரியில் ரிடையர் ஆனவள். என் பல் எப்படித் தப்பித்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நான் பிறந்த வீட்டைச் சுற்றுவட்டாரத்தில் துரை வூடு என்பார்கள். ஏரிக்கரையை ஒட்டி ஒரு வெள்ளைக்காரன் கட்டியது. முன்பக்கம் உருண்டைத் தூண்கள் வைத்த வராந்தா, மேலே ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அகலத்தில் சுவர்கள், ஓட்டுக்கூரை, வெயில் காலத்தில்கூட ஈரம் காயாத பின்கட்டு. வாசல் கேட்டை ஒட்டி ஒரு நாகலிங்க மரம். பின்னால் கிணறு. எல்லாவற்றையும் சுற்றி ஒரு மதில். அந்த வெள்ளைக்காரனிடம் குமாஸ்தாவாக இருந்தவர் எங்கள் பூட்டனார். துரை ஊருக்குத் திரும்பும்போது வீட்டை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது குடும்பக் கதை. அப்பா சொல்லும்போது துரை கேட்டில் நின்று கண் கலங்கினார். சித்தப்பா சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். எந்தத் துரை எந்தக் குமாஸ்தாவுக்காக அழுதான் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

துரையைவிடப் பெரிய பெருமை ஒன்று எங்களுக்கு இருந்தது. அது பல். "துரை வூட்டுப் பல்லு" என்று எங்கள் ஆட்களே சொல்லிக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் நகைக்கு முன்னால் பல்லைத்தான் காட்டினார்கள். என்னைப் பார்க்க வந்தபோது மாமியாராகப் போகிறவர், "கொஞ்சம் சிரிம்மா" என்றார். சிரித்தேன். நிச்சயமாகிவிட்டது. வம்சம், இரத்தம், எலும்பு என்றெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வம்சமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஏரி ஊறி எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தது. நாங்கள் அதைக் குடித்தோம். மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் அடிபம்புத் தண்ணீரைக் குடித்தார்கள். அவ்வளவுதான் வம்சம்.

போன வருஷம் ஐப்பசியில் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். வீடு எனக்கும் அவனுக்கும் வெளிநாட்டில் இருக்கும் அவன் தங்கைக்கும் பொது. "அக்கா, நம்ம வீட்டை ஹெரிடேஜ் ஹோம்ஸ்டே ஆக்கப் போறோம். வீட்டோட ஹிஸ்டரியை நீங்கதான் எழுதணும். உங்களைவிட்டா யாரு எழுதுவா? பெரிய பலகையா அடிச்சு வைக்கப் போறேன். அப்படியே ஒரு கையெழுத்தும் வேணும்" என்றான். சின்னப் பத்திரிகைகளில் நாலைந்து கட்டுரை எழுதியவள் நான். பலகை என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே பையை எடுத்து வைத்தேன்.

வீட்டை வருஷக்கணக்காகப் பெருக்கி, பூட்டி, விளக்கேற்றிப் பார்த்துக்கொள்வது என் வயதுக்காரி ஒருத்தி. மதிலுக்கு வெளியே, கிழக்கே இருக்கும் காலனியில் அவள் வீடு. அவளுடைய அம்மா எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் புளியங்கொட்டை வைத்து விளையாடியிருக்கிறோம். நான் அவளை நீ என்பேன், அவள் என்னை நீங்க என்பாள். ஆறு வயதிலும் அப்படித்தான், அறுபதிலும் அப்படித்தான். முட்டி மடங்காமல் காலை அகட்டி அகட்டி வந்து கேட்டைத் திறந்தவள், என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிக்கும்போது முந்தானை வாய்க்குப் போய்விட்டது.

எத்தனை பிள்ளைகள் என் வகுப்பில் அப்படிக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அடக்கமான பிள்ளைகள் என்று பாராட்டியிருக்கிறேன். ஒருத்தியை எழுப்பி நிறுத்தி, மற்றவர்களிடம் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் பொய். விளங்கிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அன்று மதியம் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"வூட்டை ஓட்டலு மாதிரி ஆக்கப் போறாங்களாமேங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மதிலுக்கு அந்தாண்ட ஒரு பைப்பு இழுத்து வுட்டா போதுங்க. எங்க தெரு சனத்துக்குக் குடிக்க மட்டும். ஒகேனக்கல் தண்ணி வருதுங்க, இல்லேன்னு சொல்லல. வர்ற அன்னிக்கு வருது. வராத அன்னிக்குப் பழையபடி போரு தண்ணிதான்."

பிறகு வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "பேத்திக்கு அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குதுங்க. முன்பல்லு ஆடுது. வுழுந்து முளைக்கிற பல்லாச்சும் வெள்ளையா முளைக்கட்டுமேன்னு பாக்கறேன். என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்க ரெண்டு பேரு வாயைத் தொறந்ததும் எந்திரிச்சுப் போனாங்க. புள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாதுங்க."

"தண்ணி வாங்கித் தர்றது என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாம அவன் ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது" என்றேன். எத்தனை மிடுக்காகச் சொன்னேன் என்பது இன்னும் காதில் கேட்கிறது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. முந்தானைகூட ஒரு நிமிஷம் கீழே இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஓர் ஆர்க்கிடெக்ட் வந்தார். நல்ல மனிதர். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சுண்ணாம்பு, கடுக்காய் என்று சொல்லிக்கொண்டே நடந்தவர், கிணற்றுக்குப் பின்னால் மதிலில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே பூச்சு வேறு நிறமாக இருந்தது. கொத்திப் பார்த்தால் சிமென்ட் வைத்து அடைத்த ஒரு துவாரம். உள்ளே கல்லில் செதுக்கிய வாய்க்கால்.

"இது வெளிய தண்ணி போற வழி மேடம். வீடு கட்டறப்பவே வச்சது. அடைச்சது ரொம்பப் பிற்பாடு" என்றார்.

பின்னாலேயே வந்த அவள், "வெளிய தொட்டியும் இருக்குதுங்க" என்றாள். மதிலுக்கு வெளியே முள்ளை வெட்டிப் பார்த்தோம். பாதி புதைந்து ஒரு நீளமான கல்தொட்டி கிடந்தது. துரை காலத்தில் ரோட்டில் போகிற வண்டிமாடுகளும் சனங்களும் அதில்தான் தண்ணீர் குடிப்பார்களாம், அவள் அம்மா சொல்லுவாராம். என் தாத்தா காலத்தில் அடைத்துவிட்டார்களாம்.

துரை ஒன்றும் மகாத்மா இல்லை. அவனுடைய குதிரைக்கும் வண்டிமாட்டுக்கும் வைத்த தொட்டியாக இருக்கலாம். ஆனால் அவன் வெளியே விட்ட தண்ணீரை அடைத்தது நாங்கள். வெள்ளைக்காரன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்த எங்கள் குடும்பம், அவன் செய்த ஒரே உருப்படியான காரியத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு என் தாத்தா மீது காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

தாத்தாவை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. அடைத்த துவாரத்துக்குக் காவல் இருந்தவள் நான்.

கொட்டகை வேலைக்கு வரும் பெண்கள் காலையில் ஊர் வீடுகளில் அரிசி கழுவிய கழனித் தண்ணியைக் குடத்தில் சேகரித்துக்கொண்டு வருவார்கள். எங்கள் மாடுகளுக்கு. சாயங்காலம் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டும். வெறுங்குடம்தான் என்பதற்கு அடையாளமாகக் கேட்டைத் தாண்டும் முன் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். இது வீட்டு வழக்கம். துரை காலத்து வழக்கம் என்று சொல்லிக்கொள்வோம். ஒரு குடம் வெளியே போனால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்பது தாத்தா கட்சி. எட்டு வயதிலிருந்து அதைப் பார்க்கும் வேலை எனக்கு. கேட்டுக்குப் பக்கத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொருத்தராக வந்து குடத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து, "பாத்துக்கிட்டீங்களா பாப்பா?" என்பார்கள். "பாத்தாச்சு, போ" என்பேன். என் அம்மா வயதுப் பெண்களை, போ.

சில நாள் யாராவது ஒருத்தர் குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருப்பார். கவிழ்க்கும்போது சொளசொளவென்று கொட்டும். கேட்டுக்கு உள்பக்கம் தரை சரிவு. கொட்டிய தண்ணீர் நாகலிங்க மரத்தடிக்கு ஓடிவிடும். அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற என்று எங்கள் வீட்டில் ஆள் வைத்ததே இல்லை. ஒருநாள் அவளுடைய அம்மாவின் குடத்திலிருந்து கொட்டியது. மகளுக்குக் காய்ச்சல், வாய் கசக்கிறது என்கிறாள், ஒரு சொம்பு அளவுதான் பாப்பா என்றார். நான் மதில்மேலிருந்து தாத்தாவைக் கூப்பிட்டேன். அன்று எனக்கு ஒரு தேங்காய் பர்பி கிடைத்தது. தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

இதை எல்லாம் எழுதினேன். மூன்று நாள் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து, துவாரத்தையும் தொட்டியையும் குடத்தையும் பர்பியையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். வீட்டின் பெருமை என்று ஏதாவது உண்டென்றால் அது அந்தத் தொட்டிதான், அதைத் திறந்துவிடுவதுதான் ஹெரிடேஜ் என்று முடித்திருந்தேன். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷமும் அந்த அழுகையில் பாதி இருந்தது.

பெங்களூரிலிருந்து தம்பி வந்தான். சாப்பாட்டு மேஜையில் வைத்து வாசித்துக் காட்டினேன். "சூப்பர் அக்கா. இந்தக் குடம் மேட்டர் இருக்கே, செம. எங்கேயுமே இப்படி ஒரு ட்ரெடிஷன் கிடையாது" என்றான்.

"காலனிக்குப் பைப்பு?"

"பாத்துக்கலாம் அக்கா. அது ஒரு விஷயமா?"

"எழுதிக் குடுப்பியா?"

"நமக்குள்ள என்னக்கா எழுத்து? பலகையில உங்க பேரு பெருசா வரும், பாருங்க."

பின்கட்டுக் கதவருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். தட்டு எடுக்க வந்தவள்போல நின்றாள். நான் எழுந்து, பைப்பு வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் பத்திரங்களை மேஜையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. "பேசிட்டேன், வந்துடும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

மாசியில் திறப்பு விழா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கேட்டில் இரண்டு வாட்ச்மேன். உள்ளே நுழைந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். அதைப் பெயர்த்து உள்ளே கொண்டுவந்து வராந்தாவுக்கு முன்னால் வைத்து, தாமரை விட்டிருந்தார்கள். மதில் துவாரத்தைச் சுத்தம் செய்து அதற்குள் மஞ்சள் விளக்கு எரியவிட்டிருந்தார்கள். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் நீச்சல் குளம், நீலமாக. கிணற்றிலிருந்து ஒரு பைப்பு போனது உண்மை. அது குளத்துக்குப் போனது. ஆர்க்கிடெக்ட்டைத் தேடினேன். அவர் பாதியிலேயே சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அவருக்காவது அந்த ரோஷம் இருந்தது.

பலகை நாகலிங்க மரத்தடியில் இருந்தது. துரையின் அன்பளிப்பு, சுண்ணாம்புச் சுவர், அமுதம் போன்ற கிணறு. கடைசியில், "விடைபெறும்போது குடத்தைக் கவிழ்ப்பது இவ்வீட்டின் தொன்மையான மரபு. வீட்டின் செல்வம் வீட்டிலேயே தங்க வேண்டும் என்னும் நம்பிக்கை. விருந்தினர்களும் பங்கேற்கலாம்" என்று இருந்தது. கீழே என் பெயர். சொன்னபடியே பெரிதாகத்தான் போட்டிருந்தான்.

கேட்டருகே ஒரு பித்தளைக் குடம், சுற்றிலும் கோலம், சாமந்திப் பூ. வந்தவர்களுக்கு முறையைச் செய்துகாட்ட ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். கண்டாங்கிச் சேலை, கொண்டையில் பூ, மூக்கில் ஒட்டவைத்த மூக்குத்தி. அவள்தான். போட்டோ எடுப்பவன், "அம்மா, வாயை மூடிட்டுச் சிரிங்க" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். பூ மிதந்த தண்ணீர் சரிவில் ஓடி மரத்தடிக்குப் போயிற்று. கவிழ்த்த குடத்தோடு அவள் தலையை நிமிர்த்தினாள். மதில்மேல் சின்ன வயதில் நான் உட்கார்ந்திருந்த அந்த இடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டீங்களா?"

கூட்டம் கைதட்டியது. அதுவும் மரபில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். அவள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, பின்கட்டுக்குப் போய்க் குழாயில் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். பட்டுப்புடவை நனைந்து காலில் ஒட்டியது. அவள் அகட்டி அகட்டி என் பின்னால் வந்தாள்.

"எங்கீங்க போறீங்க?"

"உன் வூட்டுக்கு. வா."

"இன்னிக்கு நீங்க தூக்கியாறீங்க. நாளைக்கு?"

"நான் அவங்கிட்ட பேசறேன். பைப்பு போடாம விடமாட்டேன்."

"நீங்க அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டீங்களேங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்." குரலில் கோபமே இல்லை. "குடுங்க. வேலைக்காரங்க எதுவும் வெளிய கொண்டுபோவக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்க. வாட்ச்மேன் பாத்தா எனக்குத்தான் வேலை போவும். பேத்திக்கு முன்பல்லு வுழுந்துடுச்சுங்க, பாத்தீங்களா?" என்றபடியே என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, கேட்டுக்கு உள்பக்கம் நின்று, அவளே கவிழ்த்தாள்.

மறுபடியும் கைதட்டினார்கள். போட்டோக்காரன் ஓடிவந்தான். "மேடம், வீட்டு வாரிசு நீங்கதானே? அந்த அம்மா பக்கத்துல நில்லுங்க. நல்லா சிரிங்க."

சிரிம்மா என்றால் சிரித்துப் பழகிய வாய். சிரித்துவிட்டேன்.

அந்தப் படம்தான் இப்போது அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் விளம்பரமாகப் பெரிதாக நிற்கிறது. கவிழ்த்த குடம், வாய் மூடிய அவள், பக்கத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான். சேலம் பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன். தம்பியிடம் பைப்பைப் பற்றி நாலுமுறை கேட்டுவிட்டேன். நாலுமுறையும் "பாத்துக்கலாம் அக்கா" என்றுவிட்டான். பலகையிலிருந்து என் பெயரையாவது எடு என்றேன். அதற்கும் அதே பதில்தான்.

போன வாரம் அவளுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், பேத்திக்குப் பல் முளைத்ததா என்று கேட்டேன்.

"முளைச்சிடுச்சுங்க."

"எப்படி முளைச்சிருக்கு?"

"எங்க வூட்டுப் பல்லுதாங்க" என்றாள்.